அந்த 50 வினாடி ரீலைப் போட்ட தம்பிக்கும் அதற்கு ஹார்ட்டின் விட்டவர்களுக்கும்

எந்த ரீல் என்று சொல்லத் தேவையில்லை, நான் கத்தி அடிக்கிற வீடியோவிலிருந்து வெட்டியெடுத்ததுதான். நேற்றிலிருந்து இன்பாக்ஸில் அனுப்பி, "அண்ணே, இது உங்க கைதானே?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள். ஆமாம், என் கைதான். என் ஷெட்தான். சுவரோரம் தெரிகிற சிவப்பு வாளியும் எங்கள் வீட்டு வாளிதான். பேர் போடவில்லை என்பதற்காக இதை எழுதவில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

விஷயம் வேறு. 38 நிமிட வீடியோவை 50 வினாடிக்குச் சுருக்கியிருக்கிறார் தம்பி. உலை இருக்கிறது. சிவக்கச் சிவக்க எடுத்து எண்ணெயில் முக்குவதும் குபீரென்று தீப்பிடிப்பதும் இருக்கிறது. கிரைண்டர் பொறி, பின்னால் ஒரு குத்துப் பாட்டு, கடைசியில் இளநீர் சீவுவது, எல்லாம் இருக்கிறது. எண்ணெயிலிருந்து எடுத்த கத்தியை ஓவனில் 200 டிகிரியில் இரண்டு மணி நேரம் வைத்து, ஆறவிட்டு, மறுபடி இரண்டு மணி நேரம் வைக்கிறேனே, அதை மட்டும் காணோம். கேட்டால், "அந்த இடம் போர் அண்ணே" என்கிறார்.

போர்தான். அந்த இடம் இல்லையென்றால் கத்தியே இல்லை.

லாரிப் பட்டையை (லாரிக்கு அடியில் இருக்கிற ஸ்பிரிங் பட்டை, அதில்தான் கத்தி அடிக்கிறேன்) காந்தம் ஒட்டாத அளவுக்கு, அதாவது 770 டிகிரிக்கு மேல், இன்னும் கொஞ்சம் ஏற்றி 830 பக்கம் கொண்டுபோய், வெதுவெதுப்பான எண்ணெயில் முக்கினால் இரும்பு இறுகிவிடும். அரம் போட்டால் வழுக்கிக்கொண்டு போகும். பார்க்கிறவர்கள் அதோடு வேலை முடிந்தது என்று நினைப்பார்கள். ஆனால் அந்த நிலையில் அது கண்ணாடி. கைதவறிச் சிமெண்ட் தரையில் விழுந்தாலே போதும். மிதமான சூட்டில் ஊறவிட்டுப் பதத்தை இறக்கினால்தான் அடி தாங்கும்.

அதே ரீலுக்குக் கீழே ஒருவர் எழுதியிருக்கிறார், பார்த்தீர்களா? பார்த்தபடியே செய்தாராம். தேங்காயில் ஒரு போடு போட்டதும் பாதியில் ஒடிந்து, துண்டு தெறித்துக் கன்னத்தைக் கீறிவிட்டதாம். நல்லவேளை, கண் தப்பியது. "இவங்க சொல்ற முறையே வேஸ்ட்" என்று முடித்திருக்கிறார். இவங்க என்றால் யாருங்க? நான்தான். பாராட்டும்போது தெரியாத ஆள், திட்டும்போது மட்டும் எப்படித் தெரிந்துவிடுகிறது?

"38 நிமிஷம் யாருங்க பார்ப்பாங்க?" என்று உடனே கேட்பீர்கள். பார்க்க வேண்டாம். பொழுதுபோகப் பார்க்கிறவர்களுக்காக நான் அதை எடுக்கவில்லை. ஷெட்டில் உலையைப் பற்ற வைத்துவிட்டு, அடுத்து என்ன செய்வது என்று கரி படிந்த விரலால் போனைத் தள்ளுகிறானே, அவனுக்காக எடுத்தது. அவன் 38 நிமிஷமும் பார்ப்பான், திரும்பவும் பார்ப்பான். கண்ணாடியும் மாஸ்க்கும் போட்டுக் காட்டியது அவனுக்குத்தான். துத்தநாகம் பூசிய ஜி.ஐ. பைப்பில் உலை கட்டாதே, துத்தநாகப் புகை காய்ச்சலில் படுக்க வைத்துவிடும் என்று விரலை நீட்டிச் சொன்னதும் அவனுக்குத்தான். அதெல்லாமும் வெட்டுப்பட்டுவிட்டது. பாட்டுக்கு இடைஞ்சலாம்.

"நீயே வெள்ளைக்காரன் வீடியோவைப் பார்த்துக் கத்துக்கிட்டவன்தானே?" ஆமாம். மறைத்தேனா? யாரிடம் என்ன கற்றேன் என்று ஒவ்வொரு வீடியோவுக்குக் கீழும் எழுதியிருக்கிறேன். அமெரிக்காக்காரர் 400 என்று சொன்னால் அது ஃபாரன்ஹீட், நம் ஓவனில் 200 சொச்சம். அவர் கனோலா எண்ணெய் என்றால் நமக்குக் கடலை எண்ணெய் போதும். அவர் காசு கொடுத்துப் புது இரும்பு வாங்குவார், நமக்குச் சங்ககிரி லாரிகள் இருக்கும்வரை பட்டைக்குப் பஞ்சமில்லை. இதையெல்லாம் மாற்றிப் பார்த்துச் சொன்னது நான். சரி, அது போகட்டும்.

"ரவுடிகளுக்குக் கத்துக்கொடுக்கறீங்க" என்று ஒருவர். 2021-ல் அரிவாள் வாங்குகிறவர்களின் பேர், விலாசத்தை எழுதி வையுங்கள் என்று பட்டறைக்காரர்களிடம் போலீஸ் சொன்னதே, நினைவிருக்கிறதா? அவசரத்துக்கு அரிவாள் தேடுகிறவன் நான்கு மணி நேரம் ஓவன் முன்னால் உட்கார மாட்டான் சார்.

அடுத்து, "இதெல்லாம் பரம்பரைக் கைவேலை, வீடியோவில் வராது." இதற்கு மட்டும் எனக்குக் கோபம் வரவில்லை. ஏற்காடு அடிவாரத்தில், எங்கள் அம்மா ஊரில், ஒரு பெரியவர் பட்டறை வைத்திருந்தார். மேலே காபித் தோட்டங்களுக்குக் கவாத்துக் கத்தியும் கொடுவாளும் அவர் அடித்ததுதான் போகும். அவரிடம் ஓவன் ஏது? காய்ச்சிய கத்தியின் வெட்டுகிற வாய்ப்பக்கத்தை மட்டும் தண்ணியில் காட்டி எடுப்பார். முதுகில் மிச்சமிருக்கிற சூடு மெல்ல வாய்க்கு இறங்கும். தேய்த்துப் பளபளப்பாக்கின இடத்தில் வைக்கோல் நிறம் ஓடி வரும், பதம் இறங்கியதற்கு அடையாளம் அது. வந்ததும் முழுசாக முக்குவார். நான் நான்கு மணி நேரத்தில் செய்வதை அவர் கண்ணை வைத்துச் சில நொடிகளில் செய்தார். ஆனால் அவரும் காத்திருந்தார். அந்த இடத்தை அவரும் வெட்டவில்லை. மகன் திருப்பூருக்குப் போய்விட்டார், பட்டறை இருந்த இடத்தில் இப்போது மொபைல் கடை. அவர் வேலையை ஒருத்தரும் படம் பிடிக்கவில்லை. நானும்தான்.

இரும்புத் தாது கிடைக்கிற கஞ்சமலை இருக்கிற ஊர் இது. சேலத்து இரும்புத் தாதுவை நம்பி 1830-ல் பரங்கிப்பேட்டையில் உலை வைத்தாரே ஹீத் என்கிற வெள்ளைக்காரத் துரை, அவர் பேர் எல்லாப் புத்தகத்திலும் இருக்கிறது. இந்த மண்ணில் அதற்கு எத்தனையோ காலம் முன்பிருந்தே உருக்கு காய்ச்சியவர்களில் ஒருத்தர் பேராவது உங்களுக்குத் தெரியுமா? கைக்காரன் போய்விடுவான், எடுத்துப் போட்டவன் நிற்பான். பழகிவிட்டது நமக்கு.

பேருக்காக எழுதவில்லை என்று சொன்னேன். அப்படியே இருக்கட்டும். தம்பி, ரீலை எடுக்க வேண்டாம். ஓவன் இடத்தை ஐந்து வினாடியாவது சேர்த்துப் போடு. பாட்டு ஓடும்போதே ஓடட்டும்.

கத்தி ஒடிந்தவருக்கு: மிச்சத் துண்டைத் தூக்கிப் போடாதீர்கள். ஒடிந்த இடத்தைப் பாருங்கள். மணல் மாதிரி பரபரவென்று பெரிய மணியாகத் தெரிந்தால் அளவுக்கு மீறிக் காய்ச்சிவிட்டீர்கள், திரும்பக் காய்ச்சி முக்க வேண்டும். நைஸாக, சாம்பல் நிறத்தில் இருந்தால் இன்றைக்கே ஓவனில் வையுங்கள், காய்கறிக் கத்தி ஒன்று தேறும். சந்தேகம் இருந்தால் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள். ரீல்காரரிடம் கேட்காதீர்கள், அவரிடம் பாட்டுதான் இருக்கிறது.