கிறிஸ்தவம் பருவநிலை அறிவியலை மறுக்கிறதா?

"கிறிஸ்தவ மதமே பருவநிலை மாற்றத்தை ஏற்கவில்லை, விசுவாசிகள் தாங்களாகவே எதிர்க்கிறார்கள், இதில் பணத்துக்கு வேலையே இல்லை" என்று ஒரு பேச்சு பரவுகிறது. இது தவறு.

2006-இல் அமெரிக்காவில் 86 இவாஞ்சலிக்கல் (நற்செய்தியை வலியுறுத்தும் புராட்டஸ்டன்ட் பிரிவு) தலைவர்கள் புவி வெப்பமாதல் மீது நடவடிக்கை கேட்டுக் கையெழுத்திட்டார்கள். 2015-இல் போப் பிரான்சிஸ் சுற்றுச்சூழலுக்கென்றே ஒரு சுற்றுமடல், அதாவது திருச்சபைக்கான அதிகாரபூர்வக் கடிதம், எழுதினார்.

சரி, எதிர்ப்பவர்கள் யார்? அமெரிக்காவின் கார்ன்வால் அலையன்ஸ் என்ற இவாஞ்சலிக்கல் அமைப்பு அவர்களில் முக்கியமானது. கடவுள் படைத்த பூமி தன்னைத் தானே சரிசெய்துகொள்ளும் என்று 2009-இல் அறிக்கை விட்ட அமைப்பு அது.

பணத்துக்கு வருவோம். அமெரிக்கச் சட்டப்படி இத்தகைய தொண்டு அமைப்புகள் நன்கொடையாளர் பெயரைப் பொதுவில் சொல்ல வேண்டியதில்லை. பலரிடம் பணம் வாங்கித் தன் பெயரில் அமைப்புகளுக்குக் கொடுக்கும் டோனர்ஸ் டிரஸ்ட் போன்ற ஒரு நிதியம் நடுவில் நின்றால் தடமே அழிந்துவிடும். பருவநிலை நடவடிக்கையை எதிர்க்கும் அமைப்புகளின் வரவை ஆராய்ந்து அமெரிக்கச் சமூகவியலாளர் ராபர்ட் புரூல் 2013-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார். எண்ணெய் நிறுவனமான எக்ஸான்மொபில், தொழிலதிபர்களான கோக் (Koch) குடும்பம் ஆகிய தரப்பிலிருந்து வெளிப்படையாக வந்த பணம் குறைந்த காலத்தில், பெயர் தெரியாத இந்த வழிப் பணம் பெருகியதை அது காட்டியது.

அதற்காக, மறுக்கும் ஒவ்வொரு விசுவாசியும் காசுக்குப் பேசுகிறார் என்பதும் அநியாயம். பலர் தாங்கள் கேட்டதை மனதார நம்புகிறார்கள்.