தோன்றா எழுவாய்

போன மாதம் பெற்றோர் சந்திப்பில் ஒரு தமிழ் அப்பா என் எதிரே வந்து உட்கார்ந்தார். அமெரிக்காவில் ஓர் அரசுப் பள்ளியில் எட்டாம் வகுப்புக்கு ஆங்கிலம் எடுக்கிறேன். அவருடைய மகள் என் வகுப்பில் படிக்கிறாள். மதிப்பெண் பற்றியெல்லாம் பேசி முடித்ததும் கொஞ்சம் தயங்கினார். "மேடம், தப்பா நினைக்காதீங்க. இங்கிலீஷ் க்ளாஸ்ல இங்கிலீஷ் மட்டும் சொல்லிக்கொடுத்தா போதாதா? சமூக நீதி அது இதெல்லாம் எதுக்கு?" என்று கேட்டார். கோபமே இல்லை அவரிடம். மகளுக்கு நல்ல ஆங்கிலம் வரவேண்டும், வேறு வம்பு எதுவும் வேண்டாம் என்ற கவலைதான். அந்தப் பத்து நிமிடத்தில் நான் சொன்ன பதில் எனக்கே போதவில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

இந்த நாட்டில் இந்தப் பாடத்துக்கு 'இங்கிலீஷ் லாங்குவேஜ் ஆர்ட்ஸ்' என்று பெயர். வாசிப்பு, எழுத்து, பேச்சு, இலக்கணம், இலக்கியம் எல்லாம் இதில் அடக்கம். இதோடு சேர்த்து 'கிரிட்டிக்கல் லிட்டரசி' என்ற ஒன்றையும் எங்களில் பலர் கற்பிக்கிறோம். விமர்சன வாசிப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். பெயரைக் கேட்டுப் பலர் பயந்துவிடுகிறார்கள். வகுப்புக்குள் வந்து பார்த்தால் அதில் பெரும்பகுதி இலக்கணப் பாடம்தான்.

பள்ளியில் தோன்றா எழுவாய் என்று படித்திருப்போம். 'நேற்றே படித்தாயே' என்றால் 'நீ' என்ற எழுவாய் வெளியே தெரியாது. ஆனால் வினைமுற்றின் விகுதி அதைக் காட்டிக்கொடுத்துவிடும். ஆங்கிலத்துச் செயப்பாட்டு வினையில் அந்த வசதி கிடையாது. செய்தவரை வாக்கியத்திலிருந்து எடுத்துவிட்டால் அவர் போனது போனதுதான், எந்த விகுதியும் அவரைக் காட்டித் தராது. என் வகுப்பில் நாங்கள் திரும்பத் திரும்பச் செய்வது அவரைத் தேடும் வேலை. யார் செய்தார்கள், யாருக்குச் செய்தார்கள், இந்த வாக்கியம் அதை ஏன் சொல்லவில்லை?

வருடாவருடம் நான் எடுக்கும் ஒரு பாடத்தைச் சொல்கிறேன். 2005 ஆகஸ்டில் கத்ரீனா புயல் அடித்து நியூ ஆர்லியன்ஸ் மூழ்கியபோது, இரண்டு செய்திப் படங்கள் இணையத்தில் அடுத்தடுத்து வந்தன. இரண்டிலும் மார்பளவு தண்ணீர், கையில் சாமான்கள். கறுப்பின இளைஞர் இருந்த படத்தின் கீழே, அவர் மளிகைக் கடையைச் சூறையாடிவிட்டு வருவதாக இருந்தது. வெள்ளையர் இருவர் இருந்த படத்தின் கீழே, அவர்கள் கடையிலிருந்து ரொட்டியும் சோடாவும் 'கண்டெடுத்து' வருவதாக இருந்தது. நான் எதுவும் சொல்லாமல் இரண்டையும் சுவரில் காட்டுவேன். அரை நிமிடத்தில் யாராவது ஒரு பிள்ளை வினைச்சொல்லைப் பிடித்துவிடும். அப்புறம் வகுப்பே கொதிக்கும்.

அங்கேயே நிறுத்தினால் நான் மோசமான ஆசிரியை. அந்தப் படங்கள் ஒரே செய்தி நிறுவனத்தினுடையவை அல்ல, எடுத்தவர்களும் வெவ்வேறு. ஒரு நிறுவனம், தங்கள் புகைப்படக்காரர் அந்த இளைஞர் கடைக்குள் போவதைப் பார்த்ததாகச் சொன்னது. மற்றப் படத்தை எடுத்தவர், பொருள்கள் கடைக்கு வெளியே மிதந்து வந்ததாகச் சொன்னார். இதையும் பிள்ளைகளுக்குக் கொடுக்கிறேன். உடனே வகுப்பு இரண்டாகப் பிரியும். "அப்படியென்றால் இரண்டு கேப்ஷனும் சரிதானே?" என்று ஒரு கட்சி. "வெள்ளத்தில் சாப்பாட்டுக்காகக் கடைக்குள் போனவரைச் சூறையாடினார் என்று எழுதலாமா? எடுத்தார் என்று எழுதியிருக்கலாமே?" என்று இன்னொரு கட்சி. அந்த விவாதம் நடக்கும் இருபது நிமிடமும் பதின்மூன்று வயதுப் பிள்ளைகள் ஒரு வினைச்சொல்லை எடைபோட்டுக்கொண்டிருக்கிறார்கள். இதைவிட நல்ல ஆங்கில வகுப்பு எனக்குத் தெரியாது.

இப்படிப் பார்க்கக் கற்ற பிள்ளை பாடப் புத்தகத்தையும் சும்மா விடாது. 2015இல் டெக்சாஸில் ஒன்பதாம் வகுப்பு மாணவர் ஒருவர் தன் புவியியல் புத்தகத்தில் ஒரு வரைபடத்தின் கீழ் இருந்த வரியைப் படம்பிடித்து அம்மாவுக்கு அனுப்பினார். அட்லாண்டிக் அடிமை வணிகம் ஆப்பிரிக்காவிலிருந்து லட்சக்கணக்கான 'தொழிலாளர்களை'ப் பண்ணைகளில் வேலை செய்யக் கொண்டுவந்தது என்று இருந்தது. அம்மா அதை வெளியில் சொல்ல, நாடெங்கும் பேச்சானது; பதிப்பகம் தவறை ஒப்புக்கொண்டு திருத்தியது. அந்த வாக்கியத்தில் எழுவாய் யார் என்று பாருங்கள். வணிகம்! பிடித்தவர், கட்டியவர், விற்றவர், வாங்கியவர் ஒருவரும் இல்லை. சங்கிலியில் வந்தவர்கள் சம்பளத்துக்கு வந்தவர்கள்போல ஆகிவிட்டார்கள். இதைக் கண்டுபிடிக்க அரசியல் கொள்கை எதுவும் வேண்டாம். கவனமாகப் படித்தால் போதும்.

சரி, ஆங்கிலத்தை மட்டும் தனியாகப் பிரித்துச் சொல்லிக்கொடுக்க முடியுமா? இந்த நாட்டின் வரலாறு அதற்கு இடம் தரவில்லை. தென் கரோலினாவில் 1740ஆம் ஆண்டுச் சட்டமே அடிமைகளுக்கு எழுதக் கற்றுக்கொடுப்பதைக் குற்றமாக்கியது. இருநூறு ஆண்டுகள் கழித்தும் அதே மாநிலத்தில், வாக்காளராகப் பதியப் போகும் கறுப்பின மக்களிடம் மாநில அரசியலமைப்பின் ஒரு பகுதியைப் படித்துக் காட்டச் சொன்னார்கள். முதலில் படிக்க விடவில்லை, அப்புறம் படிக்கத் தெரியவில்லை என்று வாக்கைப் பறித்தார்கள்.

அதற்கு எதிராக எழுந்ததும் ஒரு வகுப்பறைதான். செப்டிமா கிளார்க் என்ற ஆசிரியை, கறுப்பின உரிமைச் சங்கத்தில் உறுப்பினராக இருந்ததற்காக 1956இல் வேலையை இழந்தவர். அடுத்த ஆண்டு அதே மாநிலத்தின் ஜான்ஸ் தீவில் வயது வந்தோருக்கான குடியுரிமைப் பள்ளி தொடங்கியதில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு. யாருக்கும் சந்தேகம் வராமலிருக்க முன்பக்கம் மளிகைக் கடை, பின்னறையில் வகுப்பு. பாடம் நடத்தியவர் பெர்னிஸ் ராபின்சன், முடி அலங்காரம் செய்துவந்த பெண். முதலில் சின்னப் பிள்ளைகளின் பாடப் பொருள்களைக் கொண்டுபோய், பெரியவர்களுக்கு அது சரிப்படாது என்று உடனே ஒதுக்கிவிட்டார். உங்களுக்கு என்ன படிக்க வேண்டும் என்று அவர்களையே கேட்டார். தங்கள் பெயரை எழுத வேண்டும், மணியார்டர் படிவம் நிரப்ப வேண்டும், அந்த அரசியலமைப்பு வரிகளைப் படிக்க வேண்டும் என்றார்கள். அதுவே பாடத்திட்டம் ஆனது. அந்த மாதிரிப் பள்ளிகள் பிறகு தென் மாநிலங்கள் முழுக்கப் பரவின.

பிரேசிலிலும் இதே கதை. அங்கே அப்போது எழுத்தறிவு இல்லாதவருக்கு வாக்கு இல்லை. 1963இல் பாவ்லோ ஃப்ரெயிரே என்ற கல்வியாளரின் குழு ஆங்கிகோஸ் என்ற ஊரில் சுமார் 300 உழைப்பாளிகளுக்கு அவர்களின் வாழ்க்கைச் சொற்களைக் கொண்டே, நாற்பது மணி நேரத்தில் எழுதப் படிக்கக் கற்றுக்கொடுக்க முயன்றது. அடுத்த ஆண்டு ராணுவம் ஆட்சியைப் பிடித்தது, அவரைச் சிறையில் அடைத்தது. ஓர் எழுத்தறிவு ஆசிரியரைக் கண்டு ராணுவம் ஏன் பயந்தது என்று நான் அடிக்கடி யோசிப்பதுண்டு.

இப்போது என்னைப் போலவே நினைக்கும் ஆசிரியர்களோடும் எனக்கு ஒரு சண்டை இருக்கிறது. நீதியைக் கற்பிப்பதாகச் சொல்லி, முடிவை முன்பே எழுதிவைத்துவிட்டு, பிள்ளைகள் அந்த முடிவுக்கு வந்துசேரக் காத்திருக்கிறோம். நானும் அதைச் செய்திருக்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பையன் எழுதிய கட்டுரைக்கு முழு மதிப்பெண் போட்டேன். தாளை வாங்கிக்கொண்டு, "இதுதானே மிஸ் நீங்கள் கேட்க விரும்பியது?" என்றான். கிண்டலாக இல்லை, உண்மையாகவே சரிபார்த்துக்கொண்டான். அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. மனப்பாடம் செய்த நீதியும் மனப்பாடம்தானே?

அதன்பிறகு ஒரு வழக்கம் வைத்தேன். நான் தரும் ஒர்க்‌ஷீட்டையும் பிள்ளைகள் கேள்வி கேட்கலாம். முதல் மாதமே மாட்டிக்கொண்டேன். இரண்டாம் உலகப் போரில் ஜப்பானிய அமெரிக்கர்களுக்கு நடந்ததைப் பற்றிய பாடம். 1942 பிப்ரவரியில் அதிபர் ரூஸ்வெல்ட் கையெழுத்திட்ட 9066ஆம் ஆணையைத் தொடர்ந்து சுமார் 1,20,000 பேரை வீட்டைவிட்டுக் கிளப்பி முகாம்களில் அடைத்தார்கள். அவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் அமெரிக்கக் குடிமக்கள். என் ஒர்க்‌ஷீட்டின் முதல் கேள்வியில், அந்தக் குடும்பங்கள் 'இடமாற்றம் செய்யப்பட்ட'தைப் பற்றி எழுதச் சொல்லியிருந்தேன். ஒரு பெண் கையைத் தூக்கினாள். "மிஸ், முள்வேலிக்குள் போனதற்கு இடமாற்றம் என்று ஏன் எழுதியிருக்கிறீர்கள்? செய்யப்பட்டது என்றால், யார் செய்தது?"

அந்தச் சொல் எங்கிருந்து என் கைக்கு வந்தது என்று சேர்ந்து தேடினோம். முகாம்களை நடத்திய அரசு அமைப்பின் பெயரிலேயே அது இருந்தது: போர்க்கால இடமாற்ற ஆணையம். தெருக்களில் ஒட்டிய அறிவிப்பையும் படித்தோம். ஜப்பானிய வம்சாவளியினர், 'அந்நியர்களும் அந்நியர் அல்லாதவர்களும்' வெளியேற வேண்டும் என்று இருந்தது. அந்நியர் அல்லாதவர் என்றால் யார் என்று கேட்டேன். வகுப்பு கொஞ்ச நேரம் யோசித்தது. பின்வரிசையிலிருந்து ஒரு குரல் மெதுவாக வந்தது: "குடிமக்கள்." அந்த ஒரு சொல்லை எழுதக்கூடாது என்பதற்காகவே எவ்வளவு சுற்றிப் போயிருக்கிறார்கள் என்று பிள்ளைகள் தாங்களாகவே பேசினார்கள். நான் ஒரு வார்த்தைகூடச் சேர்க்கவில்லை.

2021இலிருந்து பல மாநிலங்களில், இனம் பற்றி வகுப்பில் எப்படிப் பேசலாம் என்பதற்கு எல்லை போட்டுச் சட்டங்கள் வந்திருக்கின்றன. பல சட்டங்களின் வாசகம் தெளிவாக இல்லாததால் ஆசிரியர்கள் தாங்களாகவே பாடங்களைக் கைவிடுகிறார்கள். எங்கள் மாவட்டத்திலும் சில வாரங்களுக்கு முன் பெற்றோருக்கு ஒரு கடிதம் வந்தது. நூலகத்திலிருந்து சில புத்தகங்கள் 'பரிசீலனைக்காக அகற்றப்பட்டுள்ளன' என்று ஒரு வரி. அந்த அப்பாவின் மகள்தான் அதை வகுப்புக்குக் கொண்டுவந்தாள். 'அகற்றப்பட்டுள்ளன' என்பதைப் பென்சிலால் வட்டமிட்டு, ஓரத்தில் 'யாரால்?' என்று எழுதியிருந்தாள்.

எந்தெந்தப் புத்தகங்கள், யார் அகற்றினார்கள், யார் பரிசீலிக்கிறார்கள், எப்போது முடியும் என்று கேட்டு, விரும்பிய பிள்ளைகள் ஒன்பது பேர் ஒரு பக்கக் கடிதம் எழுதினார்கள். புத்தகங்களை அகற்றியது சரி என்று நினைக்கும் ஒரு பையனும் அதில் கையெழுத்துப் போட்டிருக்கிறான். அவனுக்கும் பதில் தெரிய வேண்டுமாம். நான் திருத்தியது மூன்று காற்புள்ளிகளும் ஓர் எழுத்துப்பிழையும் மட்டும். கடிதத்தின் எல்லா வாக்கியமும் செய்வினையில் இருந்தது. வியாழக்கிழமை அனுப்பினார்கள். இன்னும் பதில் வரவில்லை. தினமும் காலையில் வகுப்புக்குள் நுழையும்போதே, "வந்ததா மிஸ்?" என்று கேட்கிறார்கள்.