மிருதங்கத்தைத் தின்ற மென்பொருள்

"வயரைச் சொருகுங்க மாமா, பட்டனை அமுக்குங்க, தட்டு ஓடி முடிஞ்சா பாட்டு உள்ளே இருக்கும், அவ்வளவுதான்" என்று எனக்கு உபதேசம் செய்த அக்கா மகன் இன்று என் கண்ணில் படாமல் இருப்பது அவனுக்கு நல்லது. ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கு ஒரு எல்.பி. தட்டின் ஒரே ஒரு பக்கத்தை, அதாவது 22 நிமிடப் பாட்டை, கணினிக்கு மாற்றலாம் என்று உட்கார்ந்தவன் மாலை ஆறு மணிக்குத்தான் எழுந்தேன்.

தட்டு அப்பாவுடையது. 1985-இல் எரிந்துபோன பழைய மூர் மார்க்கெட்டில், எரிவதற்குச் சில ஆண்டுகள் முன்பு அவர் பேரம் பேசி வாங்கியது. ஒரு பக்கம் முழுக்க ஒரே தோடி ராகம். இறுதியில், மிருதங்கம் மட்டும் தனியாக வாசிக்கும் ஒரு சின்னத் தனி ஆவர்த்தனம். அவருடைய பழைய பிளேயரிலிருந்தே நேராக மடிக்கணினிக்கு வயரை இழுத்தது போன மாதத்துக் கதை. அன்று பாடகர் கொசுவைப் போல ரீங்காரமிட்டார். தேடிப் படித்த பிறகுதான் காரணம் தெரிந்தது. தட்டை வெட்டும்போதே தடித்த ஒலிகளை அடக்கி, கூரிய ஒலிகளை ஏற்றித்தான் வெட்டுவார்களாம். 1954-இல் அமெரிக்க ஒலிப்பதிவுத் தொழில் சங்கம் வகுத்த கணக்காம் அது. அதைத் திருப்பி நேராக்கவும், முள்ளிலிருந்து வரும் ஏறத்தாழ 5 மில்லிவோல்ட்டைப் பெருக்கவும் நடுவில் ஒரு பெட்டி வேண்டுமாம். அந்தப் பெட்டியையும் தன்னுள்ளே வைத்திருக்கும், யூ.எஸ்.பி. வயரும் சொந்த ஸ்பீக்கரும் உள்ள புதிய பிளேயர் ஒன்றை வாங்கினேன். அட்டைப்பெட்டியின் மேல் மூன்று மொழிகளில் "எளிது" என்று அச்சிட்டிருந்தார்கள். அவற்றில் தமிழ் இல்லை. நம் மொழியாவது அந்தப் பொய்யைச் சொல்லவில்லையே என்று இப்போது ஆறுதல்பட்டுக்கொள்கிறேன்.

ஞாயிறு காலை தட்டை ஈரத்துணியால் துடைத்து, காயவைத்து, முள்ளில் படிந்த தூசியை மெல்லிய தூரிகையால் தள்ளி, மின்விசிறியையும் நிறுத்திவிட்டு (வயர் வழியாகப் பதியும் பாட்டுக்கு மின்விசிறியை ஏன் நிறுத்தினேன் என்று கேட்காதீர்கள், பக்திதான்) பதிவுப் பொத்தானை அமுக்கினேன். 22 நிமிடம் அசையவில்லை. இந்த வேலையில் குறுக்குவழி கிடையாது. நிமிடத்துக்கு 33⅓ சுற்று என்றால் 33⅓ சுற்றுதான், நம் அவசரத்துக்காக அது ஓடிவிடாது. முடிந்ததும் போட்டுக் கேட்டால், பாட்டோடு சேர்ந்து குக்கர் விசில், கீழ்வீட்டுப் பையன் சுவரில் பந்தடிக்கும் சத்தம், "இன்னும் எவ்வளவு நேரம் ஃபேன் இல்லாம வேகணும்?" என்று என் மனைவி சமையலறையிலிருந்து கேட்டது, அதற்கு நான் போட்ட "உஸ்ஸ்". சொருகியிருந்த வயரை ஒரு பொருட்டாகவே மதிக்காமல், கணினி தன் வயிற்றுக்குள் இருக்கும் மைக்கைத் தானே தேர்ந்தெடுத்துக்கொண்டு, ஸ்பீக்கரில் வந்ததை வீட்டோடு சேர்த்துப் பதிந்து வைத்திருந்தது. எந்த வழியாகக் கேட்கட்டும் என்று ஒரு வார்த்தை கேட்டதா? டார்ச் அடிக்கிற செயலிகூட நம் தொலைபேசி எண்களை எல்லாம் பார்க்க அனுமதி கேட்கிற காலத்தில், இது கேட்கவில்லை.

அமைப்புகளுக்குள் புகுந்து, ஐந்து பெயர்களில் ஒளிந்திருந்த ஒரே பிளேயரைத் தேடிப் பிடித்து, முள்ளை மறுபடி வைத்து, மறுபடியும் 22 நிமிடம். இந்த முறை பதிவு சுத்தமாக வந்தது. நொடிக்கு 44,100 ஒலி மாதிரிகள், 220 எம்.பி.க்கு மேல் ஒரு கோப்பு. நாற்பது வருடத்துக் கீறல்கள் மட்டும் கடுகு தாளிப்பதைப் போலப் பொரிந்துகொண்டிருந்தன. அதோடு விட்டிருக்கலாம். "இரைச்சலை நீக்கு" என்று ஒரு கட்டளை திரையில் பல்லைக் காட்டியது.

இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் கொலை இங்கேதான் நடந்தது. வெறும் இரைச்சல் மட்டும் இருக்கும் சில நொடிகளை அந்த மென்பொருளுக்கு முதலில் காட்ட வேண்டும். அதைக் கற்றுக்கொண்டு, பாட்டு நெடுக அந்த ஒலியை எங்கே கண்டாலும் அது அமுக்கிவிடும். பாடகர் வாய் திறப்பதற்கு முந்தைய நான்கு நொடிகளைக் காட்டினேன். வாய்தான் திறக்கவில்லையே தவிர, பின்னால் தம்புரா பேசிக்கொண்டிருந்தது. இடைவிடாமல் ஒரே சீராக ஒலிப்பதெல்லாம் இரைச்சல் என்பது அந்த மென்பொருளின் சித்தாந்தம். நாம் அதைச் சுருதி என்கிறோம். தம்புரா துடைத்தெடுக்கப்பட்ட பிறகு பாடகர் கிணற்றுக்குள்ளிருந்து பாடினார். தோடியின் காந்தார சுரம் அசைகிற இடமெல்லாம் நீர்க்குமிழி உடைந்தது.

புத்தி அப்போதும் வரவில்லை. அடுத்து "கீறலை நீக்கு". சட்டென்று எழுந்து சட்டென்று அடங்கும் கூர்மையான ஓசை எதுவானாலும் அதற்குக் கீறல்தான். மிருதங்கத்தின் வலப்பக்கமான வலந்தலையில் விழும் சாப்பு என்கிற அடி வேறு எப்படி விழும்? அளவை உச்சத்துக்குத் தள்ளியது என் பிழைதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தனி ஆவர்த்தனம் முழுவதும் யாரோ தலையணையைத் தட்டிக் காயப்போடுவதைப் போலக் கேட்கும் என்று யாராவது எச்சரித்திருக்க வேண்டாமா? உண்மையான கீறல், 1.8 நொடிக்கு ஒரு முறை "டொக்" என்று வரும் அந்தப் பெரிய கீறல், மாப்பிள்ளை வீட்டுச் சம்பந்தியைப் போல ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருந்தது. பிறகு, பாட்டுகளைத் தனித்தனியாகப் பிரித்துத் தருகிறேன் என்று இன்னொரு கட்டளை. தம்புராவைத்தான் ஏற்கெனவே தின்றாகிவிட்டதே. பாடகர் மூச்சுவிட்ட இடமெல்லாம் இப்போது நிசப்தம். ஆலாபனையை அங்கங்கே நறுக்கி, ஒரே தோடியை 11 பாட்டாக்கி, பதினொன்றுக்கும் "பெயர் தெரியாத கலைஞர்" என்று பெயர் சூட்டியது.

வெறுத்துப்போய் மூடினேன். "சேமிக்கட்டுமா?" என்று கேட்டது. நாள் முழுவதும் கேட்க வேண்டியதை எல்லாம் கேட்காமல், இதை மட்டும் பவ்யமாகக் கேட்டது. பழக்கதோஷத்தில் ஆம் என்றேன். மீண்டும் திறந்தால், செய்ததைத் திருப்பிக்கொள்ளும் வசதி காணாமல் போயிருந்தது. சுத்தமான அந்த இரண்டாவது பதிவும் அதோடு போயிற்று.

மூன்றாவது முறை, ஒன்பதாவது நிமிடத்தில் மின்சாரம் போனது. மடிக்கணினிக்கு பேட்டரி இருந்ததால், தட்டு மெல்ல மெல்ல நிற்க, பாடகர் மந்தர ஸ்தாயிக்கும் கீழே இறங்கி யானையாகப் பிளிறி உயிர்விட்டதை அது ஒரு குறையுமின்றிப் பதிந்தது.

மாலையில் மின்சாரம் வந்தபோது, உருப்படியாக மிஞ்சியிருந்தது காலையில் நான் குப்பையில் போட மறந்த குக்கர் விசில் பதிவு ஒன்றுதான். போட்டுக் கேட்டேன். தம்புரா இருந்தது. சாப்பு சாப்பாகவே விழுந்தது. மிருதங்கக்காரர் தனியை முடிக்கும் கோர்வையை மூன்றாம் முறை வாசித்து, தாளம் தொடங்கும் சமத்தில் வந்து இறங்கிய அதே கணத்தில், அரை மாத்திரை முன்பின் இல்லாமல், எங்கள் வீட்டுக் குக்கர் விசிலடித்தது. அந்த இடத்தை நாலு முறை திருப்பிப் போட்டு வயிறு வலிக்கச் சிரித்துக்கொண்டிருந்தேன். சமையலறையிலிருந்து "உஸ்ஸ்" என்று குரல் வந்தது.