படிப்பையும் பதிவு எண்ணையும் தயங்காமல் கேளுங்கள்

மனப் பிரச்சினைக்கு யாரிடம் போவது என்று ஒரு கட்டுரை படித்தேன். மனநல மருத்துவர், உளவியலாளர், கவுன்சிலர் மூவரையும் அது ஒன்றாகவே பேசுகிறது. எங்கள் வீட்டில் தடுமாறியதும் அங்கேதான். தம்பிக்குப் பஸ் ஏறினாலே நெஞ்சு படபடத்து மூச்சு முட்டும். ஈசிஜி, எக்கோ எல்லாம் எடுத்தும் இதயத்தில் கோளாறு இல்லை. வார இறுதிப் பயிற்சிச் சான்றிதழை மட்டும் வைத்திருந்த ஒருவரிடம் ஆறு மாதம் போனான். 'பாசிட்டிவா நினை' என்பதைத் தாண்டி எதுவும் கிடைக்கவில்லை. அந்த ஆறு மாதத்தை நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது.

மருத்துவ உளவியலாளர்கள் பெரும்பாலும் உளவியல் முதுகலைக்கு மேல், மேற்பார்வையில் நோயாளிகளைப் பார்த்துப் பழகும் 2 ஆண்டு எம்.ஃபில். முடித்தவர்கள். இந்திய மறுவாழ்வு கவுன்சிலின் பதிவு எண் இருக்கும். மாத்திரை எழுத மாட்டார்கள். தேவைப்பட்டால் மனநல மருத்துவரிடம் அனுப்புவார்கள்.

பிறகு அப்படி ஒருவரிடம் போனோம். முதல் இரண்டு சந்திப்பும் கேள்விகள்தான். அப்புறம் ஒரு நோட்டில் மூன்று கட்டம் போடச் சொன்னார்: என்ன நடந்தது, மனசு என்ன சொன்னது, பயம் நூற்றுக்கு எத்தனை. அமெரிக்க மனநல மருத்துவர் ஆரோன் பெக் 1960களில் உருவாக்கிய சிபிடி வழி இது; எண்ணத்தையும் நடத்தையையும் மாற்றப் பழக்கும் பேச்சு சிகிச்சை. அடுத்து பஸ் ஸ்டாப்பில் சும்மா நிற்பது, ஒரு ஸ்டாப் போவது, மூன்று ஸ்டாப் போவது. படபடப்பு வந்தாலும் அது தானே அடங்கும்வரை இறங்கக் கூடாது.

'அம்மா, தாம்பரம் வரைக்கும் இறங்காம வந்துட்டேன்' என்று அவன் போன் பண்ணிய அன்று அம்மா அழுதேவிட்டார்.