டீக்கடை பெஞ்சை எங்கய்யா கொண்டு போனீங்க?

மதுரையில எந்தத் தெருவுக்கு வேணும்னாலும் போய்ப் பாருங்க. டீக்கடை இருக்கும், பெஞ்ச் இருக்காது. இடுப்பு உயரத்துக்கு ஒரு எவர்சில்வர் மேடை. அதுக்கு முன்னால பேப்பர் கப்பை விரல் நுனியில பிடிச்சுக்கிட்டு நாலு பேர், நாலு பேரும் குனிஞ்சு போனைப் பாத்துக்கிட்டு. ரெண்டு நிமிஷம் ஆச்சா, கப்பைக் கசக்கி எறிஞ்சுட்டு வண்டியைக் கிளப்பிருவாங்க. பக்கத்துல நின்னவர் அதே தெருவுல பத்து வருஷமா குடியிருக்கிறவர். ஒருத்தருக்கு ஒருத்தர் பேர் தெரியாது. இப்படி ஆக்கி வச்சுட்டு "முன்ன மாதிரி யாரும் யார்கிட்டயும் பேசுறதில்லப்பா"ன்னு பெருமூச்சு விடுறோம். உட்கார இடமில்லாம எங்கய்யா பேசுறது?

அந்த பெஞ்ச் எப்படி வேலை செஞ்சதுன்னு மறந்துட்டவங்களுக்காகச் சொல்றேன். காலையில அஞ்சரைக்குப் பேப்பர் வந்து விழும். முதல்ல வர்றவர் அதைத் தாள் தாளாப் பிரிப்பார். முதல் பக்கம் ஒருத்தர்கிட்ட, மாவட்டச் செய்தி ஒருத்தர்கிட்ட, விளையாட்டு ஒரு பையன்கிட்ட. ஒரே பேப்பரை எட்டுப் பத்துப் பேர் ஒரே நேரத்துல படிச்சாங்க. படிக்கத் தெரியாதவருக்குப் பக்கத்துல இருக்கிறவர் சத்தமா வாசிச்சார். தினத்தந்தி 1942ல தொடங்குனதே இந்த மதுரையிலதான். எளிய தமிழ், பெரிய எழுத்துன்னு அது போன பாதையில பாதித் தூரத்தைச் சுமந்தது டீக்கடை பெஞ்ச். எழுத்துக் கூட்டிப் படிக்க அங்க உட்கார்ந்து பழகினவங்க எத்தனையோ பேர்.

வாசிக்கிறதுல முதல்ல வர்றது அணை நீர்மட்டம். வைகை அணையோட முழுக் கொள்ளளவு உயரம் 71 அடி. 66 அடி தொட்டா முதல் வெள்ள எச்சரிக்கை, 68.5ல ரெண்டாவது, 69ல மூணாவது. முல்லைப் பெரியாறு அணையில 142 அடி வரைக்கும் தேக்கலாம். ஆத்தோரம் குடியிருக்கிறவனுக்கு இந்த எண்ணெல்லாம் மனப்பாடமா இருந்துச்சு. அணையில தண்ணி இறங்குனா குழாய்ல முறை வைப்பான், அதனால தொட்டியை இப்பவே கழுவி நிரப்புன்னு பேச்சு அங்கயே முடிவாகும். இன்னைக்கு அதே தெருவுல அணையில எத்தனை அடின்னு கேளுங்க, ஒருத்தரும் சொல்ல மாட்டாங்க. குழாய் வறண்ட பிறகுதான் லாரிக்குப் போன் அடிக்கிறாங்க.

"பெஞ்ச்ல உட்கார்ந்து வெட்டிப் பேச்சு, உலக அரசியல்"னு இளக்காரமாப் பேசுறவங்களைப் பாத்தாதான் வயிறு எரியுது. உலக அரசியல் உங்க கையில இருக்கிற வடையில இருக்குய்யா! மசால் வடைக்கு நிறையக் கடையில கடலைப்பருப்போட பட்டாணிப் பருப்பையும் கலந்து ஆட்டுறாங்க. அந்தப் பட்டாணி பெரும்பாலும் கனடாவுலயும் ரஷ்யாவுலயும் விளைஞ்சு கப்பல்ல வர்றது. 2017 நவம்பர்ல அதுக்கு 50 சதவீத இறக்குமதி வரி போட்டாங்க, 2023 டிசம்பர்ல தற்காலிகமா வரியை எடுத்தாங்க. உளுந்த வடையா? வெளிநாட்டு உளுந்துல பெரும்பங்கு மியான்மர்ல இருந்து வருது. 2021 பிப்ரவரி 1ஆம் தேதி அங்க ராணுவம் ஆட்சியைப் பிடிச்சப்போ பருப்பு மண்டிக்காரன் வயித்துல புளியைக் கரைச்சுச்சு. வடை பொரியுற பாமாயில்? 2022 ஏப்ரல் கடைசியில இந்தோனேசியா ஏற்றுமதியை நிறுத்துச்சு. சூரியகாந்தி எண்ணெய்க்கு உக்ரைன் போர். அடுப்புல எரியுற கேஸ்ல பாதிக்கு மேல இறக்குமதி, அதுல பெரும்பகுதி வளைகுடாவுல இருந்து ஹோர்முஸ் நீரிணை வழியா வரணும். அங்க ஒரு கப்பல்ல குண்டு விழுந்தா, ஒண்ணாம் தேதி வர்ற 19 கிலோ சிலிண்டர் விலையைப் பாத்துட்டு வடை மாஸ்டர் தலையில கை வைப்பார்.

டீயே உலக அரசியல்தான். 1964ல இந்தியாவும் இலங்கையும் போட்ட ஒப்பந்தத்துல, தலைமுறை தலைமுறையா இலங்கை மலையில கொழுந்து பறிச்ச தமிழர்களை அவங்களைக் கேக்காமலே பங்கு பிரிச்சாங்க. அப்படித் திரும்பி வந்தவங்களுக்கு வேலை கொடுக்க நீலகிரியில அரசு தேயிலைத் தோட்டம் போட்டுச்சு, அதுதான் பின்னாடி டான்டீங்கிற அரசு தேயிலை நிறுவனம் ஆச்சு. இதையெல்லாம் பெஞ்ச்ல ஒருத்தர் சொல்வார், இன்னொருத்தர் மறுப்பார், மூணாவது ஆள் "என் சித்தப்பா ராமேஸ்வரத்துல கப்பலை விட்டு இறங்கினவருய்யா"ன்னு ஆரம்பிப்பார். படிப்புன்னா இதுவும் படிப்புதான்.

அந்த மூணாவது ஆள்தான் முக்கியம். அவரை எங்க தொலைச்சோம்னா, வாட்சப் குரூப்ல தொலைச்சோம். 2016 நவம்பர் நினைவிருக்கா? உப்புக்குத் தட்டுப்பாடுன்னு ஒரு புரளி. வடக்க உத்தரப்பிரதேசத்துலயும் டெல்லியிலயும் ஜனங்க கடையில முட்டி மோதி, பல மடங்கு விலை கொடுத்து உப்பு வாங்கினாங்க. அதே புரளி மதுரை டீக்கடை பெஞ்சுக்கு வந்தா என்ன ஆகும்? "அண்ணே, உப்பு கிடைக்காதாமே?"ன்னு ஒருத்தன் கேப்பான். "எவன்டா சொன்னது? தூத்துக்குடியில அம்பாரம் அம்பாரமா குமிஞ்சு கெடக்கு, நேத்துதான் லோடு ஏத்திட்டு வந்தேன்"னு லாரி டிரைவர் சொல்வார். புரளி அங்கயே செத்துரும். இப்போ குடியிருப்போர் குரூப்ல புரளி வருது, 200 பேர் பாக்குறாங்க, லாரி டிரைவர் அந்தக் குரூப்லயே இல்ல. வீட்டு ஓனர்கள் மட்டும் இருக்கிற குரூப்புக்குத் தெருன்னு பேர் வைக்காதீங்க. காலையில பூப்படம், சாயங்காலம் யாரையாவது திட்டி ஃபார்வர்டு, நடுவுல குப்பை வண்டி வரலைன்னு ஒரு வரி. எதிர்த்துப் பேசுனா அட்மின் நீக்கிருவார். பெஞ்ச்ல இருந்து யாரையும் அப்படி நீக்க முடியாது. சண்டை போட்டவரே மறுநாள் காலையில வந்து பக்கத்துல உட்காருவார், ஏன்னா டீ அங்கதான் கிடைக்கும்.

யார் எடுத்தா பெஞ்சை? கடைக்காரரைக் கேட்டா "ஆக்கிரமிப்புன்னு தூக்கிட்டுப் போயிர்றாங்க"ங்கிறார். சரி, நடைபாதையை அடைக்கக் கூடாதுதான். ஆனா அதே தெருவுல வீட்டுக்கு வீடு திண்ணையை இடிச்சுட்டு, வண்டி ஏத்துறதுக்கு ரோட்டுக்கு நடுவரைக்கும் சிமெண்டுல சரிவு போட்டிருக்காங்களே, அது யார் கண்ணுக்கும் தெரியலையா? சாக்கடை மூடி அதுக்கு அடியில போய் அடைச்சுக்கிட்டு, ஒரு மழைக்கே தண்ணி தெருவுல நிக்குது. மரபெஞ்ச் எடுத்தா எடுக்க வரும், சிமெண்ட் சரிவு வருமா? மிச்சம் இருக்கிற கடைப்படியில எவனும் உட்காரக் கூடாதுன்னு இரும்பு முள் பதிக்கிறாங்க. வயசானவர் ரேஷன் அரிசியைத் தூக்கிட்டு வந்து ஒரு நிமிஷம் மூச்சு வாங்கக் கூட இடம் விடாம இரும்பு முள்!

கணக்கையும் பாத்துருவோம். ஆறடி பெஞ்ச்ல நாலு பேர் உட்காரலாம். ஒரு ஸ்கூட்டர் நிக்கிற இடமும் கிட்டத்தட்ட அதே ஆறடிதான், அகலம் ரெண்டு ரெண்டரை அடி. ஸ்கூட்டர் நிறுத்துனவர் ஒரு டீயோட போயிருவார். பெஞ்ச்ல ஆளுக்குக் கால் மணி நேரம்னு வச்சாலும், காலை 5 முதல் 9 வரைக்கும் 64 பேர் உட்கார்ந்து எழுந்திருக்கலாம். உட்கார்ந்தவன் வடை எடுப்பான், பேச்சு சூடானா ரெண்டாவது டீ சொல்வான். "உட்கார்ந்தா வியாபாரம் போகும்"னு சொல்ற கடைக்காரர் இந்தக் கணக்கை ஒரு தடவையாவது போட்டுப் பாத்தாரா?

"இங்கு அரசியல் பேசக் கூடாது"ன்னு போர்டு தொங்கவிட்டதும் தப்புதான். கைகலப்பு வரும்னு பயம். கைகலப்பு எத்தனை நாள் வந்துச்சு? பேச்சு தினமும் நடந்துச்சே.

கொரோனா வந்தப்போ 2020ல கண்ணாடி கிளாஸை ஒதுக்குனாங்க. அன்னைக்கு அதுல நியாயம் இருந்துச்சு. தொற்று போயிருச்சு, கிளாஸ் திரும்பி வரவே இல்ல. தமிழ்நாட்டுல 2019 ஜனவரி 1 முதல் பிளாஸ்டிக் பூசுன பேப்பர் கப்புக்குத் தடை இருக்கு. கப்போட உள்பக்கத்தை நகத்தால சுரண்டிப் பாருங்க, மெல்லிசா ஒரு படலம் வரும், அதுதான் பிளாஸ்டிக். அது இல்லைன்னா காகிதம் ஊறிப் போயிரும். கரக்பூர் ஐ.ஐ.டி. ஆய்வாளர்கள் 2020ல சோதிச்சுப் பாத்தாங்க. 85–90 டிகிரி சூட்டுல 100 மில்லியை ஊத்தி 15 நிமிஷம் வச்சா ஏறக்குறைய 25,000 நுண்பிளாஸ்டிக் துகள் இறங்குது. பார்சல் டீ இன்னும் கொடுமை. கொதிக்கிறதை அப்படியே கேரி பேக்ல ஊத்தி ரப்பர் பேண்ட் போட்டுத் தர்றாங்க. தூக்குவாளி கொண்டு போக என்னய்யா வெக்கம்?

கிளாஸ் கழுவ ஆள் இல்லைங்கிறது சாக்கு. தவறு நடந்தது எங்கன்னா, ஒரே வாளித் தண்ணியில காலையிலிருந்து மத்தியானம் வரைக்கும் முக்கி முக்கி எடுத்தாங்க. சோப்புக்கு ஒரு வாளி, அலசுறதுக்கு ஓடுற தண்ணி, கடைசியா பாய்லர் குழாயைத் திறந்து வெந்நீர்ல ஒரு சுழற்று. முடிஞ்சது. பித்தளை பாய்லர் இருந்த வரைக்கும் அந்த வெந்நீர் நாள் முழுக்கக் கிடைச்சுது. நடுக்குழாய்ல கரி எரியும், சுத்தித் தண்ணி கொதிக்கும், மேல பால் சட்டி ஆவியிலயே சூடேறுறதால அடிப்பிடிக்காது. துணி வடிகட்டியில டீத்தூளைப் போட்டு டிகாஷன் இறக்கி, சக்கை வெளுத்ததும் தூளை மாத்துவாங்க. இப்போ கேஸ் அடுப்புல பால், தூள், சர்க்கரை எல்லாத்தையும் ஒண்ணாப் போட்டு மணிக்கணக்கா கொதிக்க விடுறாங்க. துவர்ப்பு ஏறி நாக்கு தடிச்சுப் போகுது. அந்தத் துவர்ப்பை மறைக்க ஏலக்காய், இஞ்சி, இன்னும் கொஞ்சம் சர்க்கரை. ஒரு கிலோ தூள்ல நானூறு ஐந்நூறு டீ போடலாம். அதுல மிச்சம் பிடிச்சு என்ன கிடைக்கப் போகுது?

மளிகைக் கடைக்கும் இதே கதிதான். கீழமாசி வீதி மொத்தக் கடையில சாக்கு எடுத்து, தெருமுனையில சில்லறைக்கு வித்தவங்க ஒவ்வொருத்தரா ஷட்டரை இறக்குறாங்க. பத்து ரூபாய்க்குக் கடுகு, அஞ்சு ரூபாய்க்கு மிளகுன்னு பொட்டலம் கட்டித் தந்த கடை, மாசக் கடைசியில பற்று நோட்டுல எழுதிக்கிட்ட கடை. பெண்கள் நின்னு பேசுற இடமும் அதுதான், ஏன்னா டீக்கடை பெஞ்ச்ல அவங்களுக்கு யாரும் நகர்ந்து இடம் கொடுத்ததில்ல. சூப்பர் மார்க்கெட்ல அவங்க யார்கிட்ட பேசுவாங்க, பில் போடுற மெஷின்கிட்டயா? அங்க 100 கிராம் பாக்கெட் சத்தமில்லாம 85 ஆகுது, விலை அப்படியே இருக்கு. இந்த மாதிரி சின்ன பாக்கெட்ல ஒரு கிராம் என்ன விலைன்னு அச்சடிக்கணும்னு விதி இருக்கு. எம்.ஆர்.பி. பக்கத்துலயே பொடி எழுத்துல இருக்கும். அதை ஆயிரத்தால பெருக்குனா கிலோ விலை, அதைக் கீழமாசி வீதி விலையோட ஒப்பிட்டுப் பாருங்க. இந்த ஒரு விஷயம் மளிகைக் கடை வாசல்ல பேசப்பட்டிருந்தா ஒரே வாரத்துல தெரு முழுக்கப் பரவியிருக்கும்.

பழசெல்லாம் பொன்னுன்னு யாரும் நினைச்சுராதீங்க. மதுரையைச் சுத்தி எத்தனை ஊர்ல டீக்கடையில இரட்டைக் குவளை இருந்துச்சு! ஒரு சாராருக்குக் கண்ணாடி கிளாஸ், இன்னொரு சாராருக்குத் தனி கிளாஸ், குடிச்சுட்டு அவங்களே கழுவி வைக்கணும், பெஞ்ச்ல உட்காரக் கூடாது, தரையில குத்த வைக்கணும். அதை எதிர்த்து நின்னு அடி வாங்குனவங்க, வழக்குக்கு அலைஞ்சவங்க இருக்காங்க. அவங்க பிள்ளைங்க சரிசமமா வந்து உட்கார வேண்டிய காலத்துல பெஞ்சையே தூக்கிட்டீங்களே, இதுதான் ஆத்திரத்தை அடக்க முடியாம பண்ணுது. எல்லாரும் உட்காரலாம்னு ஆன பிறகு இருந்திருக்க வேண்டிய பெஞ்ச் அது.

கடைக்காரங்களே, செலவு பெருசில்ல. ஆறடி நீளம், ஒரு அடி அகலம், ஒண்ணரை அங்குலக் கனத்துல வேப்பம் பலகை. உயரம் 18 அங்குலம். அதை விடக் குறைஞ்சா முட்டி வலிக்காரங்களால எழுந்திருக்க முடியாது. கால் ரெண்டையும் குறுக்குக் கட்டையால இணைச்சுருங்க, இல்லைன்னா ஓரத்துல ஒருத்தர் எழுந்ததும் மறு ஓரத்துல இருக்கிறவர் கவிழ்ந்துருவார். சாக்கடை மூடி மேல போடாதீங்க, தெருவுல நீட்டாதீங்க, கடைச் சுவரை ஒட்டி ஷட்டருக்கு உள்பக்கம் போடுங்க. பெண்கள் வந்தா இடம் விடச் சொல்லுங்க. வடையை அச்சுத்தாள்ல வைக்காம வாழை இலைத் துண்டுல கொடுங்க, பேப்பர் மை வயித்துக்குள்ள போகக் கூடாது. பேப்பர் ரெண்டு வாங்கிப் போடுங்க. ஸ்டேப்ளர் பின் அடிக்காதீங்க, தாள் தாளாப் பிரிய வேண்டியது அது.