பழைய பெயரை ஏன் இன்னொருவனுக்குக் கொடுத்தீர்கள்?

மறுபடியும் பில்டு சிவப்பு, அதாவது தோல்வி. புரோகிராமைக் கன்டெய்னர் என்ற தனிப்பெட்டியில் அடைக்கும் கட்டளைப் பட்டியல்தான் டாக்கர்ஃபைல். என்னுடையது ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தது. அதன் அடிப்படை இமேஜை உபுண்டு லினக்ஸின் 24.04 பதிப்புக்கு ஏற்றியதுதான் தாமதம், பேக்கேஜ்களை நிறுவித் தரும் ஆப்ட் முரண்டு பிடிக்கிறது. எதற்கு? லிப்ஏசவுண்ட்2 என்ற ஒரு ஒலி லைப்ரரிக்கு. ஸ்பீக்கரே இல்லாத சர்வரில், பில்லை பிடிஎஃப் ஆக்கும் ஹெட்லெஸ் குரோம், அதாவது திரையில்லாமல் ஓடும் பிரவுசர், அதைக் கேட்கிறது. சரி, கேட்கட்டும்.

ஆப்ட் சொல்லும் பதிலைப் பாருங்கள். அது வெர்ச்சுவல் பேக்கேஜாம், வெறும் பெயர்தானாம், அந்தப் பெயரில் இரண்டு பேக்கேஜ்கள் தருகின்றனவாம், ஒன்றை நீயே தேர்ந்தெடு என்கிறது. ஒன்று லிப்ஏசவுண்ட்2டி64. இன்னொன்று லிப்ஓஎஸ்எஸ்4-சல்சா-ஏசவுண்ட்2. யாரய்யா இந்த சல்சா? இத்தனை காலம் எங்கே இருந்தார்? நம்பி அதைப் போட்டவர்களுக்குப் புரோகிராம் திறக்கும்போதே சிம்பல் இல்லை, அதாவது தேடிய ஃபங்ஷன் லைப்ரரியில் இல்லை, என்று செத்து விழுந்தது. எது அசல், எது பெயரை மட்டும் சுமப்பது என்று அந்தச் செய்தியில் ஒரு வார்த்தை கிடையாது. தருபவர் ஒருவர்தான் என்றால் ஆப்ட் தானே எடுத்துக்கொண்டிருக்கும்!

காரணம் தெரியும். நேரத்தை 32 பிட் எண்ணில் வைக்கும் கணக்கு 2038 ஜனவரி 19-இல் நிரம்பிவிடும், அதற்காக உபுண்டுவுக்கு மூலமான டெபியன் 2024-இல் நூற்றுக்கணக்கான லைப்ரரிகளின் பெயரில் டி64 ஒட்டியது. நியாயமான வேலைதான். ஆனால் அது 32 பிட் ஆர்ம் கருவிகளுக்கான வைத்தியம். என் 64 பிட் சர்வரில் நேரம் எப்போதுமே 64 பிட்தான். அங்கே மாறியது பெயர் மட்டும். பழைய 32 பிட் இன்டெல் பக்கமோ, நேரத்தை 64 பிட் ஆக்கும் மாற்றமே வேண்டாம் என்று விட்டுவிட்டார்கள்!

டி64 சேர்த்தால் தீர்ந்ததா? 22.04-இல் அந்தப் பெயரே கிடையாது. இரண்டிலும் ஓட வேண்டுமென்றால் பதிப்பைப் பார்த்துப் பிரிக்கும் இஃப்-எல்ஸ் ஒன்றை எழுதி வைக்க வேண்டும். ஒரு ஒலி லைப்ரரிக்கு!

அப்புறம் அடுத்த வரி. பைத்தான் லைப்ரரிகளை நிறுவும் பிப் இன்ஸ்டால் மறுக்கிறது, இந்தப் பைத்தானை வெளியிலிருந்து நிர்வகிக்கிறோம் என்று. அதுகூடப் பரவாயில்லை, ஏன் மறுக்கிறது, வென்வ் என்ற தனி பைத்தான் சூழலை எப்படிப் போடுவது என்று திரையிலேயே விளக்குகிறது. அந்த மரியாதையைத்தான் ஆப்டிடமும் கேட்கிறேன்.

அதைத் தாண்டினால் புது யூசரைச் சேர்க்கும் யூசர்ஆட் கட்டளை. நான் கொடுத்த யூசர் எண், யூஐடி 1000, ஏற்கெனவே இருக்கிறதாம். யார் அது? இமேஜுக்குள் ‘உபுண்டு’ என்றொரு யூசரை அவர்களே உட்கார வைத்திருக்கிறார்கள். கன்டெய்னருக்குள் அவருக்கு என்ன வேலை? யார் கேட்டார்கள் அவரை?