பெரியம்மா காலு விரலு போன கதை

போன மாசம் எங்க பெரியம்மாவுக்கு வலது கால்ல ரெண்டு விரல எடுத்துட்டாங்க. பாக்க வந்தவங்க எல்லாரும் ஒரே வார்த்தை தான், "மாத்திரைய ஒழுங்கா போட்டிருக்கணும்ல". எனக்கு மனசே ஆறல.

அவங்களுக்கு சுகர் வந்து 14 வருசம் ஆச்சு. பெரியப்பா இல்ல, பசங்க ரெண்டு பேரும் திருப்பூர்ல. 100 நாள் வேலைக்கு காலையில 7 மணிக்கெல்லாம் வெறும் வயித்தோட கெளம்பிடுவாங்க, சோத்துத் தூக்க தெறக்கவே 11 ஆயிடும். சுகர் மாத்திரைய போட்டுட்டு சாப்பிடாம இருந்தா சில மாத்திரைக்கு சுகர் மடமடன்னு எறங்கும், கை நடுங்கும், வேர்த்துக் கொட்டும். ரெண்டு தடவ மண்வெட்டியோட அப்படியே உக்காந்துட்டாங்களாம். அதுக்கப்புறம் வேலை இருக்குற நாள்ல மாத்திரைய தொடுறதே இல்ல. இத திமிருன்னு சொல்லுவீங்களா? மாத்திரை எழுதிக் குடுத்த யாருமே "எத்தன மணிக்குமா சாப்பிடுவ"ன்னு கேக்கல. கேட்டிருந்தா வேற மாத்திரை குடுத்திருக்கலாம், இல்ல நேரத்தையாவது மாத்தி எழுதியிருக்கலாம்.

சுகர் வருசக்கணக்கா ஏறியே கெடந்தா பாதத்துல நரம்பு செத்துப்போகும், குத்துனா தெரியாது. கருவேல முள்ளு தேஞ்சுபோன ரப்பர் செருப்ப தாண்டி ஏறியிருக்கு, அதோடயே ரெண்டு நாள் நடந்திருக்காங்க. வாசல்ல ரத்தக் கறைய பாத்து பக்கத்து வீட்டு அக்கா சொல்லித்தான் அவங்களுக்கே தெரியும். மஞ்சளும் வேப்பெண்ணெயும் வச்சு கட்டிட்டு மறுநாளும் வேலைக்கு. போகலன்னா அன்னைக்கு கூலி இல்லையே. காய்ச்சல் வந்து ஜிஹெச் போறப்ப விரலு கருத்துடுச்சு.

பக்கத்து பெட்ல ஒரு ரிட்டயர்டு வாத்தியார், அவருக்கும் சுகர், அவருக்கும் கால்ல புண்ணு தான். ஆனா அவர் சம்சாரம் தெனமும் ராத்திரி பாதத்த லைட்டடிச்சு பாக்குற ஆளு, கொப்புளமா இருக்கும்போதே கூட்டிட்டு வந்துட்டாங்க. அஞ்சே நாள்ல ரெண்டு காலோட வீட்டுக்குப் போயிட்டாரு.

2021 ஆகஸ்ட்ல கிருஷ்ணகிரி மாவட்டத்துல ஆரம்பிச்ச மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்துல சுகர், பிரஷர் மாத்திரை வீடு தேடி வருது, அத நான் மனசார பாராட்டுறேன். பஸ் காசு மிச்சம், ஒரு நாள் கூலி மிச்சம். அதோட சேத்து சாப்பாட்டு நேரத்தையும் கேளுங்க, பாதத்த திருப்பிப் பாருங்க, வீட்ல கூட யாரு இருக்காங்கன்னு சீட்டுல எழுதுங்கன்னு தான் கேக்குறேன்.

டிஸ்சார்ஜ் அன்னைக்கு ஒரு நர்ஸம்மா தான் பக்கத்துல உக்காந்து பொறுமையா எல்லாம் கேட்டாங்க. சுகர்காரங்க போடுற எம்சிஆர் செருப்பும் வாங்கச் சொன்னாங்க, வாங்கிக் குடுத்துட்டேன். இன்சுலின் வைக்க பெரியம்மா வீட்ல ஃப்ரிட்ஜ் இல்ல. ஈர மணலு போட்ட மண்பானைக்குள்ள டப்பால வச்சிருக்காங்க, காலையிலயும் சாயங்காலமும் தண்ணி தெளிக்கிறது இப்ப அந்தப் பக்கத்து வீட்டு அக்கா தான்.